கோழிச் சீக்கும் ஊர்க் கட்டுப்பாடும்

சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் கோழி வளர்க்காத குடியானவர் வீட்டைக் காண்பது அரிது. ஓமலூரிலிருந்து மோகனூர் வரையில், ஆத்தூரிலிருந்து சங்ககிரி வரையில், மரவள்ளிக் காட்டோரத்துக் குடிசையிலும், நெசவாளர் வீட்டுப் புறக்கடையிலும், ஒரு பஞ்சாரமும் அதைச் சுற்றிக் கிளறித் திரியும் நாலைந்து கோழிகளும் இருக்கும். ஆட்டையும் மாட்டையும் தம் சொத்தென்று சொல்லிக்கொள்ளும் வீட்டுத் தலைவர், கோழியைப் பற்றிக் கேட்டால், "அது பெண்டுகள் சமாசாரம்" என்று நகைத்துவிடுவார். பெண்டுகள் சமாசாரம் என்பது உண்மையே. நகைப்புக்குரிய சமாசாரம் என்பதுதான் உண்மையன்று.

நிலமில்லாத ஏழை வீட்டில், எவரிடமும் கைநீட்டாமல் ஒரு ஸ்திரீ தன் விருப்பம்போல் செலவழிக்கக்கூடிய காசு கோழியினாலேயே வருகிறது. பிள்ளையின் நோட்டுப் புத்தகம், திடீரென்று வந்த காய்ச்சலுக்கு மருந்து, ஆடிமாதத்து முனியப்பன் பூசை, மகள் வீட்டுச் சீர் ஆகிய இவற்றில் எது வந்தாலும் முதலில் கை போகும் இடம் பஞ்சாரமே. வங்கியில் கணக்கில்லாதவளுக்கு அதுவே வங்கி. அந்த வங்கி ஒரே வாரத்தில் முழுகிப் போகுமானால் அதை அற்ப விஷயம் என்று யார் சொல்ல முடியும்?

அப்படி முழுகத்தான் செய்கிறது. நேற்றுவரை கொக்கரித்துத் திரிந்த கோழி இன்று காலை இறகைத் தொங்கவிட்டு மூலையில் நிற்கும். நாளை வெள்ளையும் பச்சையுமாகக் கழியும். மறுநாள் கழுத்துத் திருகிக்கொண்டு விழும். ஒன்று விழுந்த நாலைந்து தினங்களில் தாயும் குஞ்சும் சேவலும் சேர்ந்து போய்விடும். அடுத்த வாரத்தில் தெருவே வெறிச்சென்றாகிவிடும். நம் ஜனங்கள் இதனை வெள்ளைக் கழிச்சல் என்றும், கோழிச் சீக்கு என்றும் சொல்லுகிறார்கள். மருத்துவர்கள் ராணிக்கெட் நோய் என்கிறார்கள்.

இந்நோய்க்குத் தடுப்பு மருந்து இருக்கிறது. நம் மாநிலத்திலேயே அது தயாராகிறது. சர்க்கார் அதை விலையின்றியும் கொடுக்கிறார்கள். அப்படியிருந்தும் ஊர் ஊராகக் கோழிகள் மடிவானேன்? இதுவே இன்று நாம் நேயர்கள் முன் வைக்கும் கேள்வி.

ஒரு சுவரின் இரு புறங்கள்

நாமக்கல்லின் பெயர் இன்று தேசமெங்கும் முட்டையோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. நாள்தோறும் கோடிக்கணக்கான முட்டைகள் அங்கிருந்து லாரிகளில் புறப்படுகின்றன. 2019-ஆம் வருஷத்து இருபதாவது கால்நடைக் கணக்கின்படி இந்தியாவிலுள்ள வளர்ப்புப் பறவைகள் ஏறக்குறைய 85 கோடி. அவற்றில் 12 கோடிக்கு மேற்பட்டவை தமிழ்நாட்டிலிருந்தன. மாநிலங்களில் முதலிடம் நமக்கே. இப்பெருமையில் பெரும் பங்கு நாமக்கல் வட்டாரத்துப் பண்ணைகளுக்கு உரியது.

அப்பண்ணைகளில் ஒவ்வொரு கோழிக்கும் ஒரு பஞ்சாங்கம் உண்டு. பிறந்த முதல் வாரத்தில் கண்ணில் ஒரு சொட்டு, நான்காவது வாரத்தில் தண்ணீரில் மருந்து, எட்டாவது வாரத்தில் ஊசி என்று தேதி குறித்து எழுதிவைத்து, ஒரு நாளும் தவறாமல் நடத்துகிறார்கள். அவ்வாறு நடத்தாத பண்ணை ஒரு வருஷம் நிலைக்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஆனால் அதே பண்ணையின் மதிற்சுவருக்கு வெளியே, பண்ணையில் கூலிக்குப் போகும் பெண்ணின் வீட்டில் திரியும் கோழிக்குப் பஞ்சாங்கமும் இல்லை, மருந்தும் இல்லை. 1985-இல் ஏற்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. அறிவும் மருந்தும் அனுபவமும் இவ்வளவு நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடம் தேசத்திலேயே சிலவாகத்தான் இருக்கும். ஆயினும் அவை சுவரைத் தாண்டி நூறு கஜ தூரம் வந்து சேரவில்லை. மேற்சொன்ன கணக்கின்படியே இந்தியாவில் புறக்கடைக் கோழிகள் முதலிய பறவைகள் 31 கோடிக்கு மேல் இருக்கின்றன. இவை யாவும் ஏழைகளின் பறவைகள் என்பதை நினைக்கும்போது, குறை மருந்தில் இல்லை, மருந்தைக் கொண்டுசேர்க்கும் ஏற்பாட்டில் இருக்கிறது என்பது தெளிவாகும்.

நோய் வந்த வரலாறு

இந்நோய் 1926-ஆம் வருஷத்தில் உலகின் இரு கோடிகளில் முதன் முதலாக வர்ணிக்கப்பட்டது. ஒன்று ஜாவாத் தீவு; மற்றொன்று இங்கிலாந்தில் டைன் நதிக்கரையிலுள்ள நியூகாஸில் நகரம். அங்கு இதை ஆராய்ந்த டாயில் என்பவர் அந்நகரின் பெயரையே இட்டார். மேல்நாட்டார் இன்றும் நியூகாஸில் நோய் என்றே வழங்குகிறார்கள். அடுத்த ஓரிரு வருஷங்களுக்குள் குமாவோன் மலையிலுள்ள ராணிக்கேத் என்னும் ஊரில் கோழிகள் கூட்டங்கூட்டமாக இறந்தன. அதற்கு அருகிலுள்ள முக்தேஸ்வர் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையத்தின் தலைவராயிருந்த எட்வர்ட்ஸ் 1928-இல் இதைக் குறித்து எழுதினார். அதனால் நம் நாட்டில் அம்மலையூரின் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. அழகான ஓர் ஊருக்கு இப்படியொரு அபகீர்த்தி!

இதற்குக் காரணம் கண்ணுக்குத் தெரியாத ஒரு வைரஸ் கிருமி. நோயுற்ற கோழியின் எச்சத்திலும், மூக்கிலும் வாயிலும் வழியும் நீரிலும் அது நிறைந்திருக்கிறது. அது பட்ட தீனி, தண்ணீர், கூடை, சாக்கு, செருப்பு, சைக்கிள் சக்கரம் யாவும் அதைச் சுமந்து செல்லும். உடம்பில் புகுந்தபின் நோய் வெளிப்பட இரண்டு முதல் பதினைந்து நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் ஐந்தாறு நாட்களில் வெளிப்படுகிறது. இந்த இடைக்காலத்தில் கோழி பார்வைக்கு ஆரோக்கியமாகவே இருக்கும். தடுப்பு மருந்து பெறாத மந்தையில் புகுந்தால் நூற்றுக்குத் தொண்ணூறு பறவைகளுக்கு மேலும் மடிவதுண்டு. வந்தபின் தீர்க்கும் மருந்து இன்றுவரை உலகில் எங்கும் இல்லை. மனிதருக்கு இதனால் பெருந்தீங்கு கிடையாது. நோயுற்ற கோழியைக் கையாண்டவர்களுக்குச் சில நாள் கண் சிவந்து நீர் வடிவதுண்டு, அவ்வளவே.

வந்தபின் பரிகாரமில்லை; வருமுன் காப்பதற்கோ எளிய வழி இருக்கிறது. ஆதலால் இங்கே விவாதத்துக்கு இடமே இல்லையென்று நேயர்கள் நினைக்கலாம். ஆனால் நடைமுறையைச் சற்றுக் கவனிப்போம்.

மருந்தின் விவரம்

நோயுண்டாக்கும் கிருமியையே வலிமை குன்றச் செய்து தடுப்பு மருந்தாகப் பயன்படுத்துவது முறை. முக்தேஸ்வர் நிலையத்தில் 1940-களிலேயே இந்திய ஆராய்ச்சியாளர்கள் இதில் வெற்றி கண்டார்கள். அங்கே பிறந்த கிருமி வகை அவ்வூரின் பெயராலேயே உலகெங்கும் அறியப்படுகிறது. நம் மாநிலத்தில் ராணிப்பேட்டையில் 1932-இல் தொடங்கப்பெற்ற நிலையம், இன்று கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் என்ற பெயரில் இம்மருந்தைத் தயாரித்து வருகிறது.

மருந்து இரு தரத்தது. ஒன்று மென்மையானது, எஃப், லசோட்டா என்ற வகைகள் இதைச் சேர்ந்தவை. இதைச் சின்னக் குஞ்சுக்கும் கொடுக்கலாம். கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு விட்டால் போதும். ஆனால் இதன் காவல் சில மாதங்களுக்குள் தேய்ந்துவிடும். மற்றொன்று சற்று வலியது. இறக்கையின் அடியில் தோலுக்குக் கீழே ஊசியால் ஏற்றுவது. இதன் காவல் நீண்டது. ஆனால் எட்டு வாரம் நிரம்பாத குஞ்சுக்கு இதைப் போட்டால் மருந்தே நோயாகிவிடக்கூடும்.

எந்த மருந்தாயினும், ஏற்றிய அன்றைக்கே காவல் வந்துவிடாது. பத்துப் பதினைந்து நாள் பிடிக்கும். இம்மருந்து உயிருள்ள பொருள் என்பதையும் மறக்கலாகாது. 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்கவேண்டும். கரைத்தபின் பனிக்கட்டியிலேயே வைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரை வெயிலில் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான்கு மைல் நடந்தபின் ஏற்றும் மருந்து வெறும் தண்ணீருக்குச் சமானம். அப்படி ஏற்றிய ஊரில் கோழி செத்தால், மருந்தைப் பழிப்பார்களேயன்றி வெயிலைப் பழிக்க மாட்டார்கள்.

பிப்ரவரி மாதமும் கோழியின் கணக்கும்

கால்நடைத் துறையார் ஆண்டுதோறும் பிப்ரவரி மாதத்தில் இரு வார காலம் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துகிறார்கள். வேனிலில் நோய் பரவுமுன்பே காவல் ஏற்படவேண்டும் என்பது கருத்து. எட்டு வாரத்துக்கு மேற்பட்ட கோழிகளுக்கு இலவசமாக ஊசி போடப்படுகிறது. இது பாராட்டத்தக்க ஏற்பாடு. இதைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. ஆயினும், இது மட்டும் போதுமா என்பதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

நாட்டுக்கோழி ஓர் ஆண்டில் மூன்று நான்கு முறை முட்டையிட்டு அடைகாக்கிறது. ஒவ்வொரு முறையும் பன்னிரண்டு, பதினைந்து முட்டை. அடைகாக்க 21 நாள். குஞ்சுகளைக் கூட்டித் திரிய ஒன்றரை, இரண்டு மாதம். பிறகு மறுபடி முட்டை. மார்கழி பிற்பகுதியிலோ தை மாதத்திலோ பொரித்த குஞ்சுகள் முகாம் நாளில் எட்டு வாரம் நிரம்பாதவை. ஆகவே அவற்றுக்கு ஊசி இல்லை. சித்திரையில் பொரித்தவை முகாமுக்குப் பின் பிறந்தவை, அவற்றுக்கும் இல்லை. ஆவணியில் பொரித்தவையும் அப்படியே. அவை அடுத்த பிப்ரவரியைக் காண்பதற்கு முன்பே சந்தைக்கோ, சட்டிக்கோ, சீக்குக்கோ போய்விடுகின்றன. ஆண்டு முழுவதிலும் ஒரு வீட்டில் பிறக்கும் கோழிகளில் மிகப் பெரும்பாலானவை மருந்தின் முகத்தையே பார்ப்பதில்லை என்று இதனால் ஏற்படுகிறது.

நோய்த் தடுப்பு என்பது ஒரு கோழியைக் காப்பது அன்று. ஊர் மந்தை முழுவதையும் காப்பது. பத்துக்கு எட்டுக் கோழி காவல் பெற்றிருந்தால் கிருமி தாவிச் செல்ல இடமின்றித் தானே அவிந்துபோகும். பத்துக்கு மூன்றே காவல் பெற்றிருந்தால் ஏழில் நின்று பெருகி ஊரையே சுற்றும். ஆகவே வருஷத்துக்கு ஒரு முறை போதாது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை தேவை. தை, வைகாசி, புரட்டாசி என்று மூன்று தடவை வைத்துக்கொண்டால், இடையில் பொரித்த குஞ்சு எதுவும் நெடுநாள் காவலின்றி இராது. சின்னக் குஞ்சுகளுக்குக் கண்சொட்டும், வளர்ந்தவற்றுக்கு ஊசியும் என்று மருத்துவர் பிரித்துச் செய்வார்.

இது நாம் கற்பனையாகச் சொல்லும் யோசனை அன்று. ஆப்பிரிக்காவில் மொசாம்பிக் தேசத்தார் மார்ச்சு, ஜூலை, நவம்பர் என்று ஆண்டுக்கு மூன்று முறை கிராமக் கோழிகளுக்குக் கண்சொட்டு மருந்து கொடுத்து வந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து சர்வகலாசாலையைச் சேர்ந்த ஸ்ப்ராட்புரோ என்பவரும் அவருடைய கூட்டத்தாரும், வெப்பத்தை ஓரளவு தாங்கக்கூடிய ஐ-2 என்ற கிருமி வகையைக் கண்டெடுத்து, அதன் விதையை ஏழை நாடுகளுக்கு விலையின்றிக் கொடுத்தார்கள். அந்த மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனவர்களில் பலர் அந்தந்தக் கிராமத்துப் பெண்களே. நம் மாநிலத்துக் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தாரும் வெப்பந்தாங்கும் கிருமியைக் கொண்டு, தீனியாகவே போடக்கூடிய குருணை மருந்து ஒன்றை ஆக்கியிருக்கிறார்கள். வெயிலும் மின்சாரத் தடையும் மிகுந்த நம் கிராமங்களுக்கு இவ்வகை மருந்தே ஏற்றது. இதைப் பரவலாகக் கிடைக்கச் செய்யும்படி சட்டசபை அங்கத்தினர்கள் சர்க்காரை வற்புறுத்தலாகாதா?

குப்பியின் கணக்கு

ஏன் வீட்டுக்கு வீடு தாமே மருந்து வாங்கிப் போட்டுக்கொள்ளக்கூடாது என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் விஷயத்தின் முடிச்சு இருக்கிறது. கடையில் கிடைக்கும் சிறு குப்பியே பெரும்பாலும் நூறு கோழிக்கு உரியது. விலை அதிகமில்லை; ஒரு வளர்ந்த நாட்டுக்கோழியின் விலைக்கு உட்பட்டதே. ஆனால் ஒரு வீட்டில் இருப்பதோ எட்டுப் பத்துக் கோழி. குப்பியைத் திறந்து கரைத்தால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்க வேண்டும். எட்டுக் கோழிக்குப் போட்டுவிட்டுத் தொண்ணூற்றிரண்டு பங்கைக் கொட்ட எந்த ஏழைக்கு மனம் வரும்? ஆகவே வாங்குவதில்லை. ஒருவரும் வாங்காததால் ஊரே வெறுங்கையாய் நிற்கிறது.

பண்ணைக்காரருக்கு இந்தத் தொல்லை இல்லை. அவருடைய கோழிகள் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. ஊராருக்கும் இந்தத் தொல்லை இராது, அவர்கள் பன்னிரண்டு வீட்டை ஒரு கூரையாக நினைத்துக்கொள்வார்களானால். பன்னிரண்டு வீடு சேர்ந்தால் ஒரு குப்பி. வீட்டுக்கு ஆகும் செலவு நாலைந்து முட்டையின் கிரயத்தைத் தாண்டாது. ஏரி மராமத்துக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் தலைக்கட்டு வரி பிரிக்கத் தெரிந்த ஊருக்கு இது பெரிய காரியமா? தனித்தனியே எவராலும் ஆகாத காரியம், கூடினால் மிக எளிய காரியமாகிவிடுகிறது. ஊர்க் கட்டுப்பாடு என்று நாம் சொல்வது இதையே.

சந்தையும் சட்டமும்

கூட்டுறவு இல்லாத ஊரில் நோய் எப்படி வியாபாரமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் கோழி தூங்கி விழத் தொடங்கியதும் பக்கத்து வீட்டார் செய்வது என்ன? மிஞ்சியவற்றைக் கிடைத்த விலைக்கு விற்றுவிடுவதே. வியாபாரி பாதி விலைக்கு வாங்கிக் கூடையில் அடைத்துக்கொண்டு அடுத்த சந்தைக்குப் போகிறார். கொங்கணாபுரம் போன்ற வாரச் சந்தைகளில் பல ஊர்க் கோழிகளும் சேவல்களும் ஒன்றோடொன்று உரசி நிற்கின்றன. பார்வைக்கு நலமாயிருக்கும் கோழியை ஒரு பெண் ஆசையோடு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறாள். ஐந்தாம் நாள் அவளுடைய பஞ்சாரம் காலியாகிறது. ஓர் ஊரின் நஷ்டம் இப்படியாக மற்றோர் ஊருக்கு விற்கப்படுகிறது. பொங்கலுக்கும் ஆடிக்கும் விற்பனை மிகும்போது நோயும் கூடவே பிரயாணம் செய்கிறது.

சட்டம் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 2009-ஆம் வருஷத்தில் பார்லிமெண்டு இயற்றிய பிராணிகளின் தொற்றுநோய்த் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் இந்நோயும் சேர்ந்திருக்கிறது. நோய் கண்டதும் கிராம அதிகாரிக்கோ பஞ்சாயத்துக்கோ தெரிவிப்பது உடைமைக்காரரின் கடமை. நோயுற்ற பிராணியைச் சந்தைக்குக் கொண்டுவருவது விலக்கப்பட்டிருக்கிறது. நோய்ப் பிரதேசம் என்று விளம்பரம் செய்தபின் அவ்விடத்திலிருந்து பிராணிகளைக் கொண்டுபோகவும் தடை உண்டு.

ஆனால் நமது அனுபவத்தில், ஏழையின் கையிலிருக்கும் கடைசிக் காசைக் காக்க வழி காட்டாமல், அதை விற்காதே என்று மட்டும் சொல்லும் சட்டம் புத்தகத்திலேயே தங்கிவிடும். செத்த கோழிக்கு ஈடு கொடுப்பவர் இல்லை. விற்றால் பாதி விலையாவது கிடைக்கும். இந்நிலையில் அவர் விற்கத்தான் செய்வார். அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதைவிட, விற்கவேண்டிய அவசியம் நேராதபடி முன்கூட்டியே கோழிக்குக் காவல் செய்து கொடுப்பதல்லவா நியாயம்? தடுப்பு மருந்து பரவினால் சட்டத்துக்கு வேலை குறையும்.

சில ஆட்சேபங்கள்

ஊசி போட்ட ஊரில்தான் கோழி செத்தது என்பது முதல் ஆட்சேபம். இது முழுப் பொய்யும் அன்று. நோய் ஏற்கனவே புகுந்து, இன்னும் வெளித்தோன்றாதிருக்கும் கோழிக்கு ஊசி போட்டால், மருந்து வேலை செய்யுமுன் நோய் முந்திக்கொள்கிறது. அடுத்த ஊரில் சாவு தொடங்கியபின் ஓடிப்போய்ப் போடும் மருந்தின் கதி பெரும்பாலும் இதுவே. குடற்புழு நிறைந்த மெலிந்த கோழிக்கும், வயது நிரம்பாத குஞ்சுக்கும் வலிய மருந்தைப் போட்டாலும் கெடுதல் நேரலாம். ஒரு வாரம் முன்னதாகப் புழு நீக்கி, நோயில்லாத காலத்தில், வயதறிந்து போட்டால் இந்த ஆட்சேபத்துக்கு இடமில்லை.

நம் முன்னோர் ஊசியா போட்டார்கள் என்பது இரண்டாவது. முன்னோர் காலத்தில் கோழி கூடையில் தலைச்சுமையாய்ப் போயிற்று. ஒரு நாளைக்குப் பத்து மைல். இன்று ஒரே இரவில் லாரியில் ஜில்லா விட்டு ஜில்லா போகிறது. கிருமிக்கும் அதே வேகம் கிடைத்திருக்கிறது. வேகம் மாறியபின் காவல் மட்டும் பழையபடி இருக்கலாமா?

சின்ன வெங்காயமும் மஞ்சளும் மிளகும் சீரகமும் அரைத்துக் கொடுத்தால் போதும் என்பது மூன்றாவது. கொடுக்கட்டும், கைமருந்தை நாம் இகழவில்லை. தேறக்கூடிய கோழிக்கு அது தெம்பளிக்கலாம். ஆனால் இந்தக் கிருமியை அது கொல்லாது. கைமருந்தைக் காவல் மருந்துக்குத் துணையாகக் கொள்ளலாமேயன்றி ஈடாகக் கொள்ளலாகாது.

இது சர்க்கார் செய்யவேண்டிய வேலை என்பது நான்காவது. மருந்தும் மருத்துவரும் சர்க்கார் தரவேண்டியவையே. ஆனால் கோழியைப் பிடிப்பது யார்? மருத்துவர் காலை பத்து மணிக்கு வருகிறார். அப்போது கோழி குப்பைமேட்டிலும் சோளக்காட்டிலும் திரிகிறது. நாட்டுக்கோழியை வெளிச்சத்தில் துரத்திப் பிடிப்பது எவ்வளவு சுலபம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு மணி நேரத்தில் நான்கு கோழியைப் பிடித்துவிட்டு, இளைத்து, மருந்து கெட்டு, மருத்துவர் திரும்பிப் போகிறார். முதல் நாள் மாலையிலேயே தண்டோராப் போட்டு, விடிகாலையில் பஞ்சாரத்தைத் திறவாமல் வைத்திருந்தால் அதே ஒரு மணி நேரத்தில் தெருவே முடிந்துவிடும். இந்தத் தண்டோராவைச் சர்க்கார் வந்து போடவேண்டுமென்று காத்திருப்பது நமக்கு அழகா?

வெக்கை நோய் தந்த படிப்பினை

ஊர் கூடினால் ஆகுமா என்று ஐயுறுபவர்கள் மாட்டின் கதையை நினைத்துப் பார்க்கவேண்டும். வெக்கை நோய் என்னும் பெருவாரி ஒரு காலத்தில் நம் தொழுவங்களைச் சூறையாடியது. ராணிக்கெட் நோயைப் பற்றி எழுதிய அதே எட்வர்ட்ஸ்தான் அதே முக்தேஸ்வரில், அக்கிருமியை ஆட்டின் உடம்பில் பழக்கி வலிமை குன்றச் செய்து, தடுப்பு மருந்துக்கு வழி கண்டார். பின்னர் அதைவிடச் சிறந்த மருந்துகளும் வந்தன. பல பத்தாண்டுகள் தேசமெங்கும் மாடு மாடாகத் தேடி ஊசி போட்டார்கள். 1995-க்குப் பின் இந்தியாவில் அந்நோய் தோன்றவில்லை. 2006-இல் நம் தேசம் அதினின்றும் விடுபட்டதென அங்கீகாரம் பெற்றது. 2011-இல் உலகமே விடுபட்டதென அறிவிக்கப்பட்டது. மனிதருக்குப் பெரியம்மை எப்படியோ, மாட்டுக்கு வெக்கை அப்படி. இரண்டும் இன்று வெறும் பெயராகிவிட்டன.

மாட்டுக்கு முடிந்தது கோழிக்கு ஏன் முடியவில்லை? காட்டுப் பறவைகளிலும் இக்கிருமி தங்குவதால் இதை அடியோடு ஒழிப்பது எளிதன்று என்பது உண்மை. ஆனால் ஊருக்குள் கொள்ளை நோயாகப் பரவாமல் தடுக்க முடியும். பண்ணைக்காரர்கள் தினமும் அதைச் செய்து காட்டுகிறார்கள். மாடு ஆண்மக்களின் சொத்தாக இருந்தது. அதனால் அதன் சாவு ஊரின் துக்கமாயிற்று. கோழி பெண்களின் சொத்தாக இருக்கிறது. அதனால் அதன் சாவு ஒருத்தியின் துக்கமாக அடுப்படியிலேயே நின்றுவிடுகிறது. இந்த வேற்றுமையே காரணம் என்பது நமது அபிப்பிராயம். ஏழைப் பெண்களுக்குக் கோழிக்குஞ்சு வழங்கும் திட்டங்களைச் சர்க்கார் அவ்வப்போது வகுக்கிறார்கள், அது நல்லதே. குஞ்சோடு காவலும் கொடுக்காவிட்டால் அது ஓட்டைக் குடத்தில் வார்த்த நீராகும்.

செய்ய வேண்டுவது

பொதுக் காரியத்தில் ஈடுபட்டிருக்கும் இளைஞர்களுக்கு நாம் சொல்லிக்கொள்வது இதுதான். உங்கள் ஊரில் எத்தனை வீட்டில் எத்தனை கோழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை கணக்கெடுங்கள். வீட்டுப் பெண்களைக் கேட்டே எடுங்கள். அந்தக் கணக்கோடு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்குப் போய், தை, வைகாசி, புரட்டாசி மூன்றுக்கும் நாள் குறித்து வாங்குங்கள். பிப்ரவரி முகாமையே தை மாதத்து நாளாக வைத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டுக்கும் இலவச மருந்து கிடைக்காவிட்டால் வீட்டுக்கு இவ்வளவு என்று பிரித்துக் குப்பி வாங்குங்கள். பனிக்கட்டி வைத்த பெட்டி ஒன்று ஊர்ப் பொதுவில் இருக்கட்டும். கண்சொட்டு விடும் முறையை மருத்துவரிடம் கற்றுக்கொள்ள ஊருக்கு இரண்டு பெண்களை அனுப்புங்கள். கோழி அவர்கள் கைக்கு அடங்குவதுபோல் ஆண்கள் கைக்கு அடங்காது. மகளிர் சுய உதவிக் குழுக்கள் இல்லாத கிராமம் இன்று அபூர்வம்; அவற்றின் மூலமே இதை நடத்தலாம்.

செத்த கோழியை ஓடையிலும் சாலையோரத்திலும் எறிவதை ஊர்க் கூட்டத்தில் விலக்குங்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைக்கவேண்டும். சந்தையில் வாங்கிய கோழியை இரு வாரம் தனியே கட்டிவைத்த பிறகே மந்தையில் விடும் வழக்கத்தை ஏற்படுத்துங்கள். சீக்குக் கண்ட ஊர் அச்செய்தியை மறையாமல் அடுத்த ஊருக்குச் சொல்லியனுப்பட்டும். இவற்றில் எதற்கும் பெரும் பணம் வேண்டியதில்லை. பெரிய மனிதர் சிபாரிசும் வேண்டியதில்லை.

மேடைகளில் கிராம முன்னேற்றத்தைப் பற்றி நாம் அதிகமாகவே பேசி வந்திருக்கிறோம். அந்தப் பேச்சு ஓர் ஏழை விதவையின் புறக்கடை வரையில் போய்ச் சேர்ந்ததா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு: வரும் சித்திரையில் அவளுடைய பஞ்சாரத்தை எடுத்துப் பாருங்கள். அதன் கீழே கோழி உயிரோடிருந்தால் நம் பேச்சுக்குப் பொருளிருந்தது என்று கொள்ளலாம். தை பிறக்குமுன் கணக்கெடுப்பைத் தொடங்குவோமாக.